ஈசான மூலையில் மூன்று கடல்

பர்மாவில் யெனாஞ்சாங்கில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் கிணறு என்றால் இரும்புக் கோபுரம் நட்டுத் துளை போட்டு எண்ணெய் எடுக்கிற இடம். தண்ணீர் என்பது ஐராவதி ஆற்றிலிருந்து குழாயில் வருவது. அதனால், மதுரைப் பக்கம் ஒரு கிணறு பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் மூத்தவள் தங்கம், "அங்கேயும் நம்ம கம்பெனி இருக்காப்பா?" என்று கேட்டாள். அங்கே கிணற்றில் தண்ணீர்தான் இருக்கும், சில வருஷம் அதுவும் இருக்காது என்றேன். அவள் நம்பவில்லை. போய்விட்டு வந்து நடந்ததைச் சொன்னபோது மூன்று பேருமே நம்பவில்லை. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு கப்பல் ஏறியவன் எழுத்து இது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்தாதீர்கள்.

விஷயம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து வெள்ளைச்சாமி என்பவர் எங்கள் எண்ணெய்க் கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதியிருந்தார். தங்கள் வயல் கிணற்றில் தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கிறது, வெயில் பட்டால் மயில் கழுத்துப்போல் மின்னுகிறது, உடனே வந்து பார்க்க வேண்டும் என்று. அந்தச் சமயம் எங்கள் துரைக்கு ஆறு மாத லீவு. சீமைக்குப் போகும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க இருந்தார். கம்பெனி அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, தமிழ் பேச என்னையும் கூட அனுப்பியது. பர்மாவைத் தனியே பிரித்த பிறகு இந்தியா நமக்கு வெளிநாடாகிவிட்டது அல்லவா? மதுரைக்குப் பக்கத்துப் பரவையில் பிறந்த நான் பரவைக்குப் பக்கத்தில் போவதற்கு வெளிநாட்டுப் பயணம் போக வேண்டியிருந்தது.

துரைக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் சல்லடை விஷயம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். ஆனால் எண்ணெய் வயலிலேயே கிடந்ததால் இரண்டு பேருக்கும் பர்மியப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. எங்களுக்குள் அதில்தான் பேசிக்கொள்வோம்.

அப்பா மண் கழுவுகிறார் என்று சின்னவன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதானே, அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். துளை போடும் கருவி பூமிக்குள் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி போகும்போது மேலே சேறு வரும். அதை நான் மெல்லிய சல்லடையில் வைத்துக் கழுவுவேன். சேறு போய், ரவையைவிடப் பொடியான மணல் நிற்கும். அதைக் காய வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்னஞ்சிறு சிப்பிகள் தெரியும். நத்தைபோல் சுருண்டது இருக்கும், காசுபோல் தட்டையானது இருக்கும், சடை பின்னியதுபோல் நீண்டது இருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் கடலில் உயிரோடு இருந்த துளிப் பிராணிகளின் கூடுகள். துரை சொல்லும் பெயர் ஃபொராமினிஃபெரா. அது என் வாயில் நுழைய மூன்று வருஷம் ஆயிற்று. நான் பொடிச்சிப்பி என்றே சொல்வேன்.

காசை எடுத்துக்கொள்ளுங்கள். ராணி தலை போட்டது ஒரு காலம், மொட்டைத்தலை ராஜா போட்டது ஒரு காலம், கிரீடம் வைத்த ராஜா போட்டது ஒரு காலம். புதைத்து வைத்த பானையில் எந்தத் தலை கிடைக்கிறதோ அதைக் கொண்டு பானை எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாம். பூமியும் அப்படித்தான். ஒரு காலத்துக் கடலில் ஒரு வகைப் பொடிச்சிப்பி வாழ்ந்து அடங்குகிறது, பிறகு வேறு வகை வருகிறது. இரண்டு கிணறுகள் பத்து மைல் தள்ளி இருக்கட்டும்; இரண்டிலும் ஒரே வகைச் சிப்பி வந்தால் அது ஒரே காலத்து அடுக்கு. எண்ணெய் எந்த அடுக்கில் என்று தெரிந்தால் துளையை எங்கே நிறுத்துவது என்றும் தெரியும்.

இதில் சல்லடை சுத்தமாக இருப்பதுதான் எல்லாம். ஒரு கிணற்றுச் சிப்பி சல்லடைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அடுத்த கிணற்று மண்ணில் விழுந்தால் கம்பெனி கோபுரத்தைத் தப்பான இடத்தில் நட்டுவிடும். அதனால் ஒவ்வொரு மண்ணும் கழுவிய பிறகு சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்பேன். பழைய சிப்பி ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த மண்ணில் போய் ஒளிந்துகொண்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். பதினோரு வருஷம் இப்படி முக்கியிருக்கிறேன். அந்த வருஷம் எங்கள் சல்லடைக் கொட்டகை மேஸ்திரி வேலையை விட்டு நிற்க இருந்தார். அந்த இடத்துக்கு உன் பெயரைத்தான் எழுதப் போகிறேன் என்று துரை கப்பலில் வைத்துச் சொன்னார். உங்கள் அம்மாவுக்குக்கூட நான் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. மேஸ்திரியாகவே வந்து இறங்கலாம் என்று இருந்தேன்.

மதுரையில் முதல் நாள் ஒரு ஜட்கா பிடித்தோம். குதிரை நன்றாகத்தான் போனது. ஒரு சந்து முனையில் தானாக நின்றது. எதிரே கள்ளுக்கடை. வண்டிக்காரர் துரையைப் பார்த்துக் கூசிப்போய், "குதிரைக்குத்தான் சாமி பழக்கம், எனக்கு இல்ல" என்றார். நான் அதைப் பர்மியத்தில் சொன்னதும் துரை குதிரையின் உடம்பு நிலையை மிகவும் அக்கறையாக விசாரித்தார். எங்கள் பர்மியத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார், "இதுதாண்டா அசல் இங்கிலீசு. நம்ம வாத்தியாருக்கு ஒரு வார்த்தை புரியாது பாத்துக்க."

காபி கிளப்பில் துரைக்கு இட்லி வைத்தார்கள். நம் ஊரில் காலையில் மொஹிங்கா சாப்பிடுவதுபோல இங்கே இது என்று விளக்கினேன். மொஹிங்காவில் மீன் இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாததில் எட்டு சாப்பிட்டார். பரிமாறியவர் ஒன்பதாவதை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். எனக்கோ சட்னியைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஊரில் உங்களுக்கு அரைக்கத் தேங்காய் எங்கே கிடைக்கிறது?

இரண்டாம் நாள் மேலூர் பஸ். பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டால் கண்டக்டர், ஆள் நிறைந்ததும் என்கிறார். எப்போது நிறையும் என்றால், கிளம்பும்போது என்கிறார். பாதி வழியில் பஸ்ஸின் முன்பக்கம் ஆவி அடித்து நின்றது. என் மண் கழுவும் வாளியை வாங்கிக்கொண்டு கண்டக்டர் கண்மாய்க்கு ஓடினார். தண்ணீர் ஊற்றியதும் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். துரையும் தள்ளினார். வண்டி கிளம்பிய வேகத்தில் அவரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டு பர்லாங் தள்ளி நிறுத்த வைத்தேன். உங்கள் ஊர் பஸ்ஸுக்கு நன்றி கிடையாதா என்று கேட்டார்.

மேலூரிலிருந்து மாட்டு வண்டி. கிராமத்தில் எங்களை எதிர்கொள்ள ஒரு கூட்டமே நின்றது. கிணறு அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பங்குக் கிணறு. மூத்தவர் ஆண்டியப்பன், நடுவுள்ளவர் சோணமுத்து, இளையவர் கடிதம் எழுதிய வெள்ளைச்சாமி. ஆளுக்கு ஒருநாள் முறை வைத்து மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிறார்கள். துரை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர்மேல் மயில் கழுத்து மின்னியது உண்மைதான். நான் கமலையின் தோல் பையை முகர்ந்து பார்த்தேன். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க அதில் புங்க எண்ணெய் தடவியிருந்தார்கள். அது ஒவ்வொரு முறை தண்ணீரில் முங்கும்போதும் கொஞ்சம் எண்ணெயை விட்டுவிட்டு வருகிறது. விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

சோணமுத்துவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. "ரயிலு வரும், கவர்னரு வருவாருன்னான் எந்தம்பி. கடைசியில வந்தது சல்லடை" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

நாங்கள் அப்படியே திரும்பியிருந்தால் இந்தக் கதை இல்லை. அண்ணன் தம்பிகள் பல வருஷம் பேசாமல் இருந்து அப்போதுதான் ராசியாகி, கிணற்றில் தூர் வார ஆரம்பித்திருந்தார்கள். ஈசான மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், படிந்த வண்டலைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். கறுப்பு வண்டலுக்கு நடுவே வெளுத்த கோடுகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அடுக்கைக் கண்டால் துரைக்குக் கை சும்மா இருக்காது. வேட்டி கட்டாத குறையாகக் கிணற்றில் இறங்கிவிட்டார். மூன்று கோட்டிலிருந்தும் மண் எடுத்து மூன்று பொட்டலம் கட்டினோம். நான் வழக்கம்போல் விரல் வைத்து அளந்து பொட்டலத்தின்மேல் எழுதினேன். அடிக்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே நான்கு விரல், நடுவுக்கும் மேலுக்கும் மூன்று விரல், அதற்குமேல் வண்டல் மூன்று விரல்.

சாயங்காலம் சோணமுத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மூன்றையும் கழுவினேன். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஆண்பிள்ளை சல்லடை போடுவதை அவர்கள் பார்த்ததில்லை. சோணமுத்துவின் மனைவி பஞ்சவர்ணம், "ஏண்ணே, இதுக்கா அம்புட்டுத் தூரம் கப்பல்ல போனீக? இங்கன இருந்திருந்தா கேப்ப மாவு சலிக்க நாங்களே கூப்பிட்டிருப்பமே" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இருந்தாலும் ராத்திரிக்குக் குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும் அவர்தான் போட்டார். அப்படி ஒரு குழம்பு நான் பர்மாவில் சாப்பிட்டதில்லை. இதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

மூன்றாம் நாள் மேலூரில் நாங்கள் தங்கியிருந்த முசாபரி பங்களாவில் துரை மைக்ராஸ்கோப்பைத் திறந்தார். அடிக்கோட்டு மண்ணைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். பொடிச்சிப்பி. மேல்கோட்டு மண்ணிலும் பொடிச்சிப்பி. மேலூரைச் சுற்றி இருப்பதெல்லாம் கருங்கல். உயிர்ப் பிராணி தோன்றுவதற்கு முன்பே வெந்து இறுகிய பாறை. அங்கே கடல் சிப்பிக்கு வேலையே இல்லை. துரை வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். கடல் இங்கே வந்திருக்கிறது, மூன்று முறை வந்திருக்கிறது என்றார். சீமையில் யார் யாருக்குத் தந்தி கொடுப்பது என்று பெயர்கள் சொன்னார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

பிறகு நடுக்கோட்டு மண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். ஈர பிரஷ் நுனியால் ஒவ்வொரு மணலாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு சிப்பிகூட இல்லை. மறுபடி மற்ற இரண்டையும் பார்த்தார். அவர் நடையில் இருந்த துள்ளல் போய்விட்டது. இந்தச் சிப்பிகள் பழையவை இல்லை, நேற்றுக் கடலில் இருந்ததுபோல் வெள்ளையாகப் பளபளக்கின்றன என்றார். சென்னைப்பட்டணத்தில் இறங்கிய அன்று கடற்கரை மணலை இதே சல்லடையில் சலித்தோமே என்றார்.

 சலித்த பிறகு நீலத்தில் முக்கினேன், ஒட்டியிருந்தால் நீலமாக அல்லவா இருக்கும் என்றேன். முக்க மறந்திருப்பாய் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, பிரியமாகச் சொன்னார். ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை, ஒன்றில் இருக்கிறது என்றால் அது கடல் செய்கிற வேலை இல்லை, சல்லடை செய்கிற வேலை என்றார். நோட்டில் எழுதினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சல்லடை இங்கிலீஷ்தான். அதனால் தலைகீழாக இருந்தும் படிக்க முடிந்தது. சல்லடை சுத்தமில்லை. மேஸ்திரி விஷயம் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்பை மூடினார்.

திரும்ப மண் எடுத்துக் கழுவிக் காட்டிவிடலாம் என்று வண்டி பிடித்து ஓடினேன். அண்ணன் தம்பிகள் ராசியான வேகத்தில் அன்றைக்கே தூர் முழுவதும் வாரி, வண்டி வண்டியாக வயலில் கொட்டிக் கலப்பையும் ஓட்டிவிட்டார்கள். கிணற்றின் அடி கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் இருந்தது. நம்ம கிணறு எப்படி என்று பெருமையாகக் கேட்டார் ஆண்டியப்பன். நான் நன்றாக இருக்கிறது என்றேன். 

நான்காம் நாள் தனியாகப் போனேன். எண்ணெய் வயலில் கற்ற பாடம் ஒன்று உண்டு: ஓர் அடுக்கு உண்மையானால் அடுத்த கிணற்றிலும் இருக்க வேண்டும். ஐம்பது அடி தள்ளி இன்னொருவர் கிணறு. அதில் இறங்கி மண் எடுத்துக் கழுவிக் கைக்கண்ணாடியில் பார்த்தேன். சிப்பி கிடையாது. ஆக, கடல் மேலூருக்கு வந்தது, ஆனால் ஒரு பங்குக் கிணற்றின் ஈசான மூலைக்கு மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அதைப் பாறையிடம் கேட்பானேன், வீட்டுக்காரர்களிடம் கேட்கலாமே.

ஆண்டியப்பனிடம், அந்த மூலையில் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். கிணறு வெட்டிய புதிதில் ஊற்றுக் குறைவாக இருந்ததாம். சேதுக் கடல் மண்ணைக் கொண்டுவந்து ஈசான மூலையில் போட்டால் ஊற்று அடையாது என்று அவர்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அவர் ராமேஸ்வரம் போய்க் கடலாடி ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கடல் மண் கொண்டுவந்து போட்டார். அது பத்து வருஷத்துக்கு முன்பு. அண்ணன் போட்டால் புண்ணியம் அண்ணன் முறைத் தண்ணீருக்குத்தானே சேரும்? அதனால் ஆறு வருஷத்துக்கு முன்பு சோணமுத்து போய்வந்து ஒரு பெட்டி போட்டார். மூன்று வருஷத்துக்கு முன்பு வெள்ளைச்சாமி ஒரு பெட்டி.

பொட்டலத்தில் எழுதியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். பத்துக்கும் ஆறுக்கும் நடுவே நான்கு வருஷம், நான்கு விரல். ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவே மூன்று வருஷம், மூன்று விரல். மேலே மூன்று விரல். அந்தக் கிணற்றில் வருஷத்துக்கு ஒரு விரல் வண்டல் படிகிறது. துரையின் சாஸ்திரம் எத்தனையோ லட்சம் வருஷத்துக்குச் சொல்வதை இந்தக் கிணறு பத்து வருஷத்துக்குச் சொல்கிறது. குதிக்காத குறைதான்.

ஆனால் குதிக்க முடியவில்லை. மூன்று பேரும் கடல் மண் போட்டிருந்தால் மூன்றிலும் சிப்பி இருக்க வேண்டும். நடுக்கோட்டில் இல்லை. அப்படியானால் அந்தப் பொட்டலத்தை நான் பாழாக்கியிருக்கிறேன். சோணமுத்துவைத் தேடிப் போய்க் கேட்டேன். ராமேஸ்வரத்து மண்தான், சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். நான் அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக நான் சேர்த்த பெயர் உங்கள் ஒரு பெட்டி மண்ணில் இருக்கிறது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

கண்மாய்க் கரை தாண்டும்போது பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். சோணமுத்து. மூச்சு வாங்கிக்கொண்டு என் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார்.  பிறகு ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ராமேஸ்வரம் போகத்தான் மாப்ள கெளம்புனேன். மதுரையில ரயில் ஏறணும். பேசுற படம் அப்பத்தான் புதுசா வந்திருந்துச்சு. ஒரே ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போவோம்னு நெனச்சேன்."

எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஒம்போது" என்றார். மூன்று நாளில் கைப்பணம் தீர்ந்துவிட்டது. வைகையில் இறங்கிப் பாலத்தடியில் ஒரு பெட்டி மணல் அள்ளினார். ராமேஸ்வரம் போனதற்கு அடையாளமாகப் புது மண்டபத்துக் கடையில் ஒரு சங்கு வாங்கிக்கொண்டார். அந்தச் சங்குக்கு வீட்டில் ஒரு வருஷம் பூப் போட்டுக் கும்பிட்டார்களாம்.

"சரி, போனது போச்சுன்னு பாத்தா, நான் வைகை மண்ணப் போட்ட வருஷந்தான் மழை கொட்டிக் கெணறு நெறஞ்சுச்சு. எங்கண்ணனே எங்கையைப் புடிச்சு, நீதாண்டா புண்ணியவான்னாரு. இப்பப் போயி என்னத்தச் சொல்லுவேன்?"

துரையிடம் மட்டும் சொல்கிறேன் என்றேன்.  "சொல்லுங்க. ஆனா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வெளங்கிறக் கூடாது. எம் பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா நான் கெணத்துலதான் குதிக்கணும். தூரு வேற வாரியாச்சு, ஆழம்" என்றார்.

அன்று மாலை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். துரையிடம் முழுக்கச் சொல்லாமல், மூத்தவரும் இளையவரும் கடல் மண் போட்டிருக்கிறார்கள், நடுவுள்ளவர் கதையை அவர் வாயாலேயே கேளுங்கள் என்று சொல்லிவைத்தேன். நான் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாக நினைப்பாரே என்ற பயம். துரையும் சோணமுத்துவும் ஒதுக்குப்புறமாகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் வழியனுப்பு விருந்து. முற்றத்தில் வரிசையாக இலை. அண்ணன் தம்பி மூவரும், ஊர்ப் பெரியவர்களும், துரையும், நானும். பெண்கள் பரிமாறுகிறார்கள். துரை முதல் வாய் சோற்றை விழுங்கியதும் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். நடுவுள்ளவரைக் கேள் என்றார், எல்லார் முன்னாலும்.

சோணமுத்து என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியாது. உங்கள் மண்ணைப் பற்றித் துரை கேட்கிறார் என்று தமிழில் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராமேஸ்வரம் போனது, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியது, குளிரில் பல் கிட்டியது, கிழக்கே பார்த்து நின்று மண் அள்ளும்போது உடம்பு சிலிர்த்தது என்று கண் கலங்கச் சொன்னார். ஊர்ப் பெரியவர் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திக் கைகூப்பினார்.

துரை என் பக்கம் திரும்பினார். நான் பர்மியத்தில் சொன்னேன்: "இவர் ராமேஸ்வரம் போகவே இல்லையாம். மதுரையில் மூன்று நாள் தங்கிப் பேசும் படம் ஒன்பது ஆட்டம் பார்த்தாராம். கொண்டுவந்தது வைகை ஆற்று மணல்."

பஞ்சவர்ணம் எனக்கு ரசம் ஊற்ற வந்தவர், குனிந்த வாக்கிலேயே கரண்டியோடு நின்றுவிட்டார். வெள்ளைக்காரர் முன்னால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

துரைக்குச் சந்தேகம். இதற்கா அந்தப் பெரியவர் கைகூப்பினார் என்று கேட்டார். எங்கள் ஊரில் படத்துக்கு மரியாதை அதிகம் என்றேன். ஆற்றில் எந்த இடம் என்று அடுத்த கேள்வி. நான் சோணமுத்துவிடம், கடலில் எந்த இடத்தில் அள்ளினீர்கள் என்று கேட்டேன். "அக்கினி தீர்த்தத்துக் கரையில, மொழங்காலளவு தண்ணியில" என்றார். பாலத்தடியில், தண்ணீரே இல்லாத இடத்தில் என்று மொழிபெயர்த்தேன். ஆற்று மணலில் கடல் சிப்பி இருக்காது. துரை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெட்டி எவ்வளவு பெரியது, எந்த வருஷம் என்று வரிசையாகக் கேட்டார். இந்தப் பக்கம் பக்தி, அந்தப் பக்கம் உண்மை என்று இரண்டு கையிலும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பதுபோல் நடந்தேன். விரல் கணக்கையும் சொன்னேன்.

துரை நோட்டைத் திறந்து ஒரு வரியை அடித்தார். அடித்துவிட்டு வேறு எழுதினார்.  சாப்பாட்டின் கடைசியில், "மேஸ்திரி, அந்த மோரைக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. நான் தள்ளிய வேகத்தில் பாதி மோர் கொட்டிவிட்டது.

வண்டி கட்டியாயிற்று. துரை ஏறி உட்கார்ந்துவிட்டார். சோணமுத்து எங்களுக்கு இளநீர் போடத் தென்னையில் ஏறியிருந்தார். நான் சல்லடைப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது பஞ்சவர்ணம் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். பிள்ளைகளுக்கு என்று கொடுத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, தென்பர்மாவின் மோல்மேன் பக்கத்துச் சாயலில், சுத்தமான பர்மியத்தில், அண்ணனைக் கூப்பிடும் 'அகோ' போட்டுக் கேட்டார்:

"அகோ, அவர் நிஜமாகவே படம்தான் பார்த்தாரா?"

பெட்டி என் கால்மேல் விழுந்தது. அவருடைய அப்பா மோல்மேனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவராம். பன்னிரண்டு வயசு வரைக்கும் இவர் வளர்ந்தது அங்கேதானாம். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களும் துரையும் எங்கள் சமையலைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்கத்தான் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராமேஸ்வரம் போய்வந்த மனுஷர் வேட்டியில் உப்பு வாசனையே இல்லை. மல்லிகைப்பூ வாசனை அடித்தது. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆறு வருஷமாக நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன், அகோ."

படக் கொட்டகையில் பெண்கள் பகுதி பக்கத்திலேயே இருக்கும், நெரிசலில் பூ வாசனை ஒட்டிக்கொள்ளும், மதுரை முழுவதும் மல்லிகை வாசனைதான் என்றேன். ஒன்பது ஆட்டம், அதற்குமேல் அவருக்கு நேரமே இருந்திருக்காது என்றேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பயந்துகொண்டே இருக்கட்டும், வீட்டுக்கு நல்லது என்றார். திரும்பித் தென்னையைப் பார்த்துத் தமிழில், "எம்புட்டு நேரம் ஏறுறீக? அவுக கப்பலு போயிரும்" என்று ஒரு சத்தம் போட்டார். மேலேயிருந்து பொத்து பொத்தென்று காய் விழுந்தது.

வண்டிக்குள் துரை எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நோட்டு மறுபடி வெளியே வந்தது. நடுக்கோட்டுக்கு எதிரே ஒரு வரி சேர்த்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஆறு வருஷம். இரண்டாம் சாட்சி கிடைத்தது" என்று படித்துக் காட்டினார்.

வண்டி நகர்ந்தது. சோணமுத்து மரத்திலிருந்து இறங்கி ஓடிவந்து இளநீரை உள்ளே வைத்தார். ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில், வேறு யாரும் பார்க்காமல் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவருக்குப் பின்னால் வாசலில் பஞ்சவர்ணம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு நான் தினமும் சொல்கிறவன். நானும் பதிலுக்கு ஒரு கண்ணைச் சிமிட்டினேன்.